அணுகுண்டு எதற்கு, அரசாணை போதும்!

உலகம் எப்படி அழியும் என்று யோசிக்க அமெரிக்காவில் சம்பளம் தருகிறார்கள். இங்கே நாம் வரி கட்டி அதை நேரிலேயே பார்க்கிறோம்.

‘ஃபால்அவுட்’ என்று ஒரு வீடியோ கேம். 1997-இல் இன்டர்பிளே நிறுவனம் வெளியிட்டது. இன்றைக்கும் பிள்ளைகள் கண் சிவக்கச் சிவக்க விளையாடுகிறார்கள். அதன் பின்கதை இதுதான். 2077 அக்டோபர் 23 அன்று அணு ஆயுதப் போர். இரண்டே மணி நேரம். ஊர் சாம்பல். ஆறு நஞ்சு. அரசாங்கம் மாயம். மிச்சமிருப்பவர்கள் குப்பை பொறுக்குகிறார்கள், கொள்ளைக்காரனுக்குக் கப்பம் கட்டுகிறார்கள், நஞ்சென்று தெரிந்தே குடிக்கிறார்கள். விளையாடுகிறவர்தான் கதாநாயகர். அவர் எடுக்கிற முடிவுக்கு ஏற்பக் கதை திரும்பும். 2024 ஏப்ரலில் அமேசான் இதைத் தொடராகவே எடுத்து வெளியிட்டது. ஆகா, என்ன கற்பனை என்று உலகமே மெச்சியது.

இரண்டு மாதம் கழித்து, கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பிணங்கள் விழுந்தன. குண்டு எதுவும் விழவில்லை. பாக்கெட் சாராயம்தான் விழுந்தது.

அந்தக் கதாசிரியர்கள் மேல் நமக்கு ஒரே ஒரு வருத்தம். ஒரு சமூகம் இந்தக் கதிக்கு ஆளாக அணுகுண்டு தேவை என்று நினைத்துவிட்டார்கள். பாவம், விவரம் தெரியாதவர்கள். கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு நடை வந்திருந்தால் குண்டுச் செலவாவது மிச்சமாகியிருக்கும்.

கேமின் அஸ்திவாரமே நிலவறைகள்தான். வால்ட் டெக் என்று ஒரு கம்பெனி. போருக்கு முன்பே அரசாங்க ஒப்பந்தம் வாங்கி 122 நிலவறைகள் கட்டுகிறது. உள்ளே வாருங்கள், உங்கள் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று விளம்பரம். உண்மையில் பெரும்பாலானவை சோதனைக்கூடங்கள். 12-ஆம் எண் நிலவறையின் கதவு சரியாக மூடாதபடியே செய்யப்பட்டது. கதிர்வீச்சு உள்ளே புகுந்தால் மனிதர்கள் என்ன ஆவார்கள் என்று பார்க்க வேண்டுமாம். 13-ஆம் எண் நிலவறை திறக்கவே கூடாது. இருநூறு ஆண்டு பூட்டிவைத்தால் என்ன ஆவார்கள் என்று பார்க்க வேண்டுமாம்.

இந்த ரகசியம் வெளிப்படும் இடத்தில் விளையாடுகிற பையன்கள் அதிர்ந்துபோவார்கள். கள்ளக்குறிச்சியை ஒட்டிய கல்வராயன் மலைக்காரர் கொட்டாவி விடுவார்.

1947-இல் நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. மலை ஏறவில்லை. 1948-இல் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. அதுவும் அடிவாரத்தோடு நின்றது. 1950-இல் அரசியல் சாசனம். 1952-இல் முதல் பொதுத்தேர்தல். மேலே சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், அரிய கவுண்டர் என்று மூன்று ஜாகீர்தார் பரம்பரைகள் ஆண்டுகொண்டிருந்தன. இந்த ஜாகீர் கிருஷ்ணதேவராயர் கொடுத்தது என்பது அவர்கள் வீட்டுப் பின்கதை. விஜயநகரம் போனது. நவாப் போனார். கம்பெனி போனது. மகாராணியும் போனார். ஜாகீர் மட்டும் போகவில்லை. மலை அரசின் கைக்கு வந்தது 1976-இல்.

அது என்ன காலம் என்று நினைத்துப் பாருங்கள். டெல்லியில் நெருக்கடி நிலை. சென்னையில் ஆட்சியைக் கலைத்துவிட்டுக் குடியரசுத் தலைவர் ஆட்சி. பேச்சுரிமை இல்லை, எழுத்துரிமை இல்லை. நாடு முழுவதும் ஜனநாயகத்தைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்ட அதே ஆண்டில்தான் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிகளைப் பார்த்து “வாருங்கள், ஜனநாயகத்துக்குள் வாருங்கள்” என்று கூப்பிட்டார்கள். விருந்துக்கு அழைத்து இலையை எடுத்த பிறகு பந்தியில் உட்காரவைத்த கதை.

வந்தவர்களுக்கு ஓட்டாவது உடனே கிடைத்ததா? 1996-இல்தான் முதல்முறையாக வாக்களித்தார்கள் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்லப்பட்டது. இந்தியா ஆரியபட்டா செயற்கைக்கோளை விண்ணுக்கு அனுப்பி 21 ஆண்டு ஆகியிருந்தது. விண்ணுக்கு ராக்கெட் போய்விட்டது. மலைக்கு வாக்குச்சீட்டு போக வழி தெரியவில்லை.

வால்ட் டெக் கம்பெனிக்காரன் அயோக்கியன்தான். ஆனாலும் அவன் ஒரு நோக்கத்தோடு பூட்டினான். பூட்டி என்ன நடக்கிறது என்று குறிப்பாவது எடுத்தான். நம்மவர்கள் நோக்கமே இல்லாமல் பூட்டிவைத்தார்கள். பூட்டியதை மறந்தும் போனார்கள்.

முதல் கேமின் கதை தண்ணீரில் தொடங்குகிறது. 13-ஆம் நிலவறையில் தண்ணீரைச் சுத்திகரிக்கும் கருவி பழுதாகிறது. மாற்றுக் கருவி இல்லை. ஏன் இல்லை? அங்கே போகவேண்டிய உதிரிக் கருவிகளை வால்ட் டெக் தவறுதலாக 8-ஆம் நிலவறைக்கு அனுப்பிவிட்டது. எங்கோ ஒரு குமாஸ்தா விலாசத்தை மாற்றி எழுதினான், ஆயிரம் பேருக்குத் தாகம். அந்தக் கதாசிரியர்கள் நம் ஊர் அலுவலகம் எதிலாவது ஒருநாள் மனு கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள் போலிருக்கிறது.

கல்வராயன் மலையில் பெய்கிற மழை கோமுகி அணைக்கு ஒழுங்காகக் கீழே இறங்குகிறது. ஒரு துளிக்கும் விலாசம் தவறுவதில்லை. கீழேயிருந்து மேலே போகவேண்டியவைதான் வழிதவறுகின்றன. வன உரிமைச் சட்டம் 2006-இல் வந்தது. காட்டில் தலைமுறை தலைமுறையாக உழுதவருக்கு அந்த நிலத்தில் உரிமை உண்டு என்றது. தமிழ்நாட்டில் அந்தச் சட்டம் பல ஆண்டுகள் வழக்கில் கிடந்தது. ரோடு கேட்டால் வருவாய்த்துறை வனத்துறையைக் காட்டுகிறது. வனத்துறை சட்டத்தைக் காட்டுகிறது. நோயாளியைத் தூக்குகிறவன் தோளைக் காட்டுகிறான். டோலி கட்டித் தூக்குவதற்கு மட்டும் எந்தத் துறையின் தடையில்லாச் சான்றும் தேவையில்லை. அந்த ஒரு விஷயத்தில் அரசு தாராளமாக இருக்கிறது.

பிழைப்புக்கு? கேமில் ஆண்கள் இடிபாடுகளுக்குள் பொறுக்கப் போவார்கள், சிலர் திரும்பமாட்டார்கள். இங்கே செம்மரம் வெட்டப் போனார்கள். புரோக்கர் வந்து கூப்பிடுவான், கூலி பெரிதாகத் தெரியும். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்துச் சேஷாசலம் காட்டில் 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2018 பிப்ரவரியில் கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து உடல்கள் மிதந்தன. கல்வராயன் மலையின் சேலம் பக்கத்து ஆட்கள். மரத்தை விற்றுக் கோடி பார்த்தவன் எந்த ஏரியிலும் மிதக்கவில்லை.

இப்போது பானத்துக்கு வருவோம்.

ஃபால்அவுட் உலகத்தில் நியூகா கோலா என்று ஒரு பானம். உலகம் அழிந்து இருநூறு ஆண்டு ஆனாலும் அது மட்டும் கிடைக்கும். அதன் பாட்டில் மூடிதான் அங்கே நாணயம். மூடியைக் கொடுத்தால் துப்பாக்கியும் வாங்கலாம், ரொட்டியும் வாங்கலாம். அபத்தம் என்று சிரிக்கிறோம். தமிழ்நாட்டு அரசின் கல்லாவைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரிக்க வேண்டும். 2003-இலிருந்து மதுக்கடை நடத்துவதே அரசுதான். 2023-24-ஆம் நிதியாண்டில் டாஸ்மாக் மூலம் வந்த வருமானம் 45,855 கோடி ரூபாய். 2022-இல் நீலகிரியில் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்று, உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு, ஒரு திட்டமும் தொடங்கினார்கள். சுற்றுச்சூழலுக்கு நல்லதுதான். ஆனால் கேம்காரர்கள் மூடியைத்தான் பணமாக்கினார்கள். நாம் முழு பாட்டிலையே ஆக்கிவிட்டோம்.

மதுவிலக்கைக் காப்பாற்றவும், மது வருமானத்தைக் கவனிக்கவும் ஒரே அமைச்சர். குடி குடியைக் கெடுக்கும் என்று பாட்டிலில் அச்சடித்துவிட்டு, தீபாவளிக்கு எவ்வளவு விற்றது என்று கணக்குப் பார்ப்பதும் அதே அரசாங்கம். நியூகா கோலா கம்பெனியிடம் இத்தனை துணிச்சல் இல்லை.

அந்த அரசுக் கடையில் மலிவான குவார்ட்டர் வாங்கவும் நூறு ரூபாய்க்கு மேல் வேண்டும். கருணாபுரத்தில் பாக்கெட் அதில் பாதி விலைக்கும் குறைவு. குடித்தவர்கள் மூட்டை தூக்குகிறவர்கள், பெயிண்ட் அடிக்கிறவர்கள், கூலிக்குப் போகிறவர்கள். பெரும்பாலோர் தலித்துகள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள். விற்பனை நடந்தது ஏதோ இருண்ட காட்டுக்குள் இல்லை. மாவட்டத் தலைநகரில், காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் கூப்பிடு தூரத்தில். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். கேட்கக்கூடாது என்பதற்கும் ஒரு விலை இருந்திருக்கும். அதை வாசகருக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

2024 ஜூன் 18-ஆம் தேதி இரவிலிருந்து ஆட்கள் சுருண்டு விழுந்தார்கள். சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால். வயிற்றுக்குள் போனதும் உடம்பே அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றும். முதலில் கண் மங்கும். பிறகு மூச்சு திணறும். பிறகு எல்லாம் நிற்கும். ஆனால் முதல் சாவுகள் விழுந்தபோது, காரணம் கள்ளச்சாராயம் என்று உறுதியாகவில்லை என்றது மாவட்ட நிர்வாகம். வயிற்றுப்போக்கு, வலிப்பு, வேறு நோய். துக்கத்துக்கு வந்தவர்களும் அதே சாராயத்தைக் குடித்தார்கள் என்று பிறகு செய்தி வந்தது. ஏன் குடிக்கமாட்டார்கள்? அரசாங்கமே சாராயம் காரணமில்லை என்று சொன்ன பிறகு ஒரு குடிமகன் அரசாங்கத்தை நம்பக்கூடாதா? நம்பிய குற்றத்துக்குத் தண்டனை உடனே கிடைத்தது.

65-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. 2022 ஜனவரியில் பிரதமர் திறந்துவைத்த அரசு மருத்துவக் கல்லூரி அதே ஊரில் நின்றது. நோயாளிகளைச் சேலத்துக்கும் விழுப்புரத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் ஆம்புலன்ஸ் அள்ளிக்கொண்டு ஓடியது. கேமில் ஸ்டிம்பேக் என்று ஓர் ஊசி உண்டு. குத்தினால் உயிர் திரும்பும். இங்கேயும் மருந்துச் சண்டை நடந்தது. மருந்து கையிருப்பில் இல்லை என்றார் எதிர்க்கட்சித் தலைவர். நீங்கள் சொல்கிற ஓமிப்ரசோல் வயிற்றுப் புண்ணுக்கு, மெத்தனாலுக்கு ஃபோமிபிசோல் என்று திருத்தினார் சுகாதார அமைச்சர். உச்சரிப்புப் போட்டியில் யார் வென்றார்கள் என்று தெரியவில்லை. தோற்றவர்கள் ஒரே வரிசையில் எரிந்தார்கள்.

அடுத்து போலீஸ் மலையேறியது. கல்வராயன் மலை, சாராய ஊறல், பேரல் உடைப்பு. பத்திரிகைகளில் எத்தனையோ ஆண்டாகப் பார்த்துப் பார்த்துச் சலித்த அதே போட்டோ. மலையில் சாராயம் காய்ச்சுகிறார்களா? காய்ச்சுகிறார்கள். வெல்லமும் வேலம்பட்டையும் போட்டு ஊறவைக்கிறார்கள். அது குற்றம், மறுக்கவில்லை. ஆனால் மெத்தனால் வேலம்பட்டையிலிருந்து வடிவதில்லை. அது தொழிற்சாலைச் சரக்கு. உரிமமும் ரசீதும் கணக்குப் புத்தகமும் உள்ள சரக்கு. பேரலில் ஏறி, லாரியில் ஏறி, தார்ச்சாலையில் செக்போஸ்ட் தாண்டித்தான் கள்ளக்குறிச்சிக்கு வரமுடியும். ரோடே இல்லாத மலைக்குப் போலீஸ் வேர்க்க விறுவிறுக்க ஏறியது. ரோடு உள்ள திசையில் அந்த வேகம் இல்லை.

ஃபால்அவுட்டில் என்கிளேவ் என்று ஒரு கூட்டம் உண்டு. அழிந்த அரசாங்கத்தின் எச்சம். நாங்களே இன்னும் அரசாங்கம் என்று அடம்பிடிப்பார்கள். மூன்றாம் பாகத்தில் அவர்களுடைய ஜனாதிபதி வானொலியில் நாள்முழுக்கப் பேசுவார். பழைய பொற்காலம், வரப்போகும் பொற்காலம் என்று தேன் சொட்டும். தேடிப்போய்ப் பார்த்தால் அங்கே மனிதனே இல்லை. ஒரு கம்ப்யூட்டர் பேசிக்கொண்டிருக்கிறது. 2008-இல் வந்த கேம். நம் ஊர் இரங்கல் அறிக்கைகளைப் படித்துவிட்டுத்தான் இந்த யோசனை வந்திருக்க வேண்டும். “அதிர்ச்சியடைந்தேன், வேதனையுற்றேன், இரும்புக்கரம் கொண்டு ஒடுக்கப்படும்.” 2023 மே மாதம் மரக்காணத்திலும் சித்தாமூரிலும் கள்ளச்சாராயம் குடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தபோதும் அதே இரும்புக்கரம்தான். பதின்மூன்று மாதத்தில் துருப்பிடித்துவிட்டது போலும்.

மாறாத இன்னொன்றும் உண்டு. 2023-இல் சாவுக்கு 10 லட்சம். 2024-இலும் சாவுக்கு 10 லட்சம். பால் விலை ஏறுகிறது, மின்கட்டணம் ஏறுகிறது. இந்த நாட்டில் விலை ஏறாத ஒரே சரக்கு ஏழையின் பிணம்.

கலெக்டர் மாற்றப்பட்டார். எஸ்.பி. பணியிடை நீக்கம். ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஒருநபர் ஆணையம், மூன்று மாத அவகாசம். ஜூன் 29-ஆம் தேதி சட்டப்பேரவையில் மதுவிலக்குச் சட்டத்துக்குத் திருத்தம் நிறைவேறியது. சாவு நேர்ந்தால் ஆயுள் தண்டனை, 10 லட்சத்துக்குக் குறையாத அபராதம். சட்டம் போதாமல்தானே காவல் நிலையத்தின் மூக்குக்குக் கீழே சாராயம் விற்றது! நவம்பர் 20-ஆம் தேதி உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐயிடம் ஒப்படைத்தது. மாநில அரசு என்ன செய்தது? உச்ச நீதிமன்றத்துக்கு ஓடியது. சாராய வியாபாரியைப் பிடிக்க இல்லை. சிபிஐ வராமல் தடுக்க. டிசம்பர் 17-இல் அந்த மனு தள்ளுபடியானது. கருணாபுரத்துக்கு வராத வேகம் டெல்லிக்குப் போவதில் இருந்தது.

எதிர்க்கட்சி சும்மா இருக்குமா? சபையில் அமளி, கூண்டோடு வெளியேற்றம், கூட்டத்தொடர் முழுக்க இடைநீக்கம், வெளியே உண்ணாவிரதம். நியாயமான கோபம்தான். ஆனால் 2001-இல் பண்ருட்டியில் கள்ளச்சாராயம் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றபோது ஆட்சியில் இருந்தது யார்? அதன்பின் இரண்டே ஆண்டில் மதுக்கடைகளை அரசின் கையில் கொடுத்தது யார்? 2024-இல் உண்ணாவிரதம் இருந்தவர் அன்று பரிமாறியவர். இன்று பரிமாறுகிறவர் நாளை உண்ணாவிரதம் இருப்பார். தொண்டை காய்வது மட்டும் எப்போதும் நமக்கு.

2010-இல் வந்த ‘நியூ வேகஸ்’ பாகத்தில் 11-ஆம் எண் நிலவறை வருகிறது. அங்கே ஆண்டுக்கு ஒருவரைப் பலிகொடுக்க வேண்டும், இல்லையேல் எல்லோரும் சாவீர்கள் என்று இயந்திரம் மிரட்டும். மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தேர்தல் வைத்தார்கள். போஸ்டர் ஒட்டினார்கள். கட்சி கட்டினார்கள். யாரைப் பலியிடலாம் என்று ஓட்டுப்போட்டார்கள். கடைசியில் மிஞ்சிய சிலர் மாட்டோம் என்று மறுத்தார்கள். உடனே இயந்திரம் பாராட்டியது. நீங்கள் மறுப்பீர்களா என்று பார்க்கத்தான் இந்தச் சோதனை, இனி யாரும் சாக வேண்டாம் என்றது. முதல் ஆண்டே மறுத்திருந்தால் ஒருவரும் செத்திருக்கமாட்டார்கள்.

இந்த ஓர் இடத்தில் மட்டும் அமெரிக்கக் கதாசிரியர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். பண்ருட்டி, மரக்காணம், சித்தாமூர், கருணாபுரம். நாமும் வரிசையில் நின்று மை வைத்துக்கொண்டு, அடுத்து எந்த ஊர் என்று ஒவ்வொரு முறையும் ஓட்டுப்போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

கருணாபுரத்துச் சாவுகளுக்குப் பிறகுதான் மேலே ஒரு மலை இருப்பதே கீழே உள்ளவர்களுக்கு உறைத்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து கல்வராயன் மலை மக்களின் நிலையை வழக்காக எடுத்துக்கொண்டது. ரோடு எங்கே, ஆஸ்பத்திரி எங்கே, பஸ் எங்கே என்று கேட்டது. முதலமைச்சர் நேரில் போய்ப் பார்க்கட்டும், முடியாவிட்டால் அன்றைய அமைச்சர் உதயநிதியாவது போகட்டும் என்று நீதிபதிகள் சொல்லவேண்டி வந்தது. ஒரு மாநில அரசுக்குத் தன் மாநிலத்தில் உள்ள மலைக்கு நீதிமன்றம் வழி காட்டுகிறது. இதை எந்த கேமில் வைத்தாலும் நம்பும்படி இல்லை என்று நீக்கிவிடுவார்கள்.

கேமில் செத்தால் பழைய இடத்திலிருந்து மீண்டும் ஆடலாம். கருணாபுரத்தில் அப்படி ஒரு பொத்தான் கிடையாது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு மாதம் 5,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. பதினெட்டு வயது வரை. அதற்குப் பிறகு அவர்களும் டாஸ்மாக்கின் வாடிக்கையாளராகத் தகுதி பெற இன்னும் மூன்றே ஆண்டுகள்தான்.

வாசகரே, அடுத்த தடவை கும்பிட்ட கையோடு உங்கள் தெருவுக்கு வருகிறவர் எந்தக் கட்சி என்று பார்க்காதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். மெத்தனால் லாரி எந்தெந்தச் செக்போஸ்ட்டைத் தாண்டி வந்தது? அன்று அங்கே பணியில் இருந்தது யார்? அவர் இன்று எந்த நாற்காலியில் இருக்கிறார்? பதில் சொல்லும்வரை, கும்பிட்டு வந்தவர் நீட்டுகிற நோட்டீஸைக்கூட வாங்காதீர்கள்.